ஆறு சுரங்கள், மூன்று இராகங்கள்



வட இந்திய இசையைப் பற்றிப் பேச வந்த நாம், முதலில் நம் பிழை ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்வது நல்லது. பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நண்பர்கள் நால்வர், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு வீட்டில் கூடி இசைத்தட்டுகளைக் கேட்டு வந்தோம். நால்வரும் கருநாடக இசையில் ஓரளவு பழக்கம் உள்ளவர்கள். ஓர் இராகம் காதில் விழுந்த மாத்திரத்தில் அதன் பெயரைச் சொல்லிவிடவேண்டும் என்னும் ஆசை எங்களுக்கு நிறைய உண்டு. ஒரு நாள், ஜவுளிக் கடை வைத்திருந்த குஜராத்திப் பெரியவர் ஒருவர் தம்மிடமிருந்த மூன்று இந்துஸ்தானி இசைத்தட்டுகளை எடுத்து வந்தார். முதல் தட்டு சுழன்றது. "ஹம்சாநந்தி" என்றோம். இரண்டாவது தட்டு சுழன்றது. "இதுவும் ஹம்சாநந்திதான்" என்றோம். மூன்றாவதைக் கேட்டபோது சற்றே தயங்கினோம். ஆனாலும் சுரங்களை எண்ணிப் பார்த்துவிட்டு அதே பெயரைத்தான் சொன்னோம்.

பெரியவர் சிரித்தார். மலாயும் தமிழும் கலந்த தம் பேச்சில் அவர் கேட்டது இன்றும் நம் நினைவில் இருக்கிறது: "தெருவில் என்னென்ன வீடுகள் இருக்கின்றன என்று சரியாகச் சொல்லிவிட்டீர்கள், தம்பி. பாடியவர் எந்த வீட்டில் தங்கினார் என்று ஒருவரும் சொல்லவில்லையே!"

அன்று அவர் எங்களுக்குக் கேட்கக் கொடுத்த மூன்றும் மூன்று வேறு இராகங்கள். ஒன்று மார்வா, ஒன்று பூரியா, ஒன்று சோஹினி. மூன்றிலும் இருப்பவை அதே ஆறு சுரங்கள். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. ஆனால் வட இந்தியாவில் இவற்றை ஒன்றென்று சொல்பவர் எவரும் இல்லை. அது எப்படி என்பதைத்தான் இன்று நாம் பார்க்கவிருக்கிறோம்.

அந்த ஆறு சுரங்கள் எவை? உங்கள் வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் கவலையில்லை, எண்களைக் கவனித்தால் போதும். ஏதேனும் ஒரு கட்டையைச் சட்சமாகக் கொண்டு, அதை ஒன்று என்று வைத்து, வெள்ளை, கறுப்பு என்று பாராமல் எல்லாக் கட்டைகளையும் வரிசையாக எண்ணுங்கள். சட்சம் 1, ரிஷபம் 2, காந்தாரம் 5, மத்தியமம் 7, தைவதம் 10, நிஷாதம் 12. மேல் சட்சம் 13. எட்டாவது கட்டை பஞ்சமம். அதை இந்த மூன்று இராகங்களும் தொடுவதில்லை. ஹம்சாநந்திக்கும் இதே கட்டைகள்தாம். பாபநாசம் சிவன் வேங்கடமுடையான்மீது பாடிய கீர்த்தனையையும், சுவாதித் திருநாள் மகாராஜாவின் 'பாஹி ஜகஜ்ஜனனி'யையும் இந்த இராகத்தில் கேட்டவர்களுக்கு இச்சுரங்களின் ஓசை உடனே நினைவுக்கு வரும்.

இங்கே பெயர்களில் ஒரு குழப்பம் நேர்வதுண்டு. அதை இப்போதே தீர்த்துக்கொள்வோம். சட்சத்திற்கு அடுத்த கட்டையில் உள்ள ரிஷபத்தை நாம் சுத்த ரிஷபம் என்கிறோம். வடக்கே அதற்குக் கோமள ரிஷபம் என்று பெயர். அவர்கள் சுத்த ரிஷபம் என்று சொல்வது நம் சதுசுருதி ரிஷபத்தை. அதுபோலவே, நம் பிரதி மத்தியமம் அவர்களுக்குத் தீவிர மத்தியமம். ஆகவே, இந்துஸ்தானி இசை நூல் ஒன்றைப் படித்துவிட்டு, அதில் உள்ள 'சுத்த' என்னும் சொல்லை நம் வழக்கப்படி எடுத்துக்கொண்டால், வேறோர் இராகத்தைப் பாடிக்கொண்டு நிற்போம். இவ்வுரையில் ரிஷபம் என்றால் இரண்டாம் கட்டை ரிஷபம், மத்தியமம் என்றால் ஏழாம் கட்டை மத்தியமம் என்று மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

இந்த இராகங்களை இந்துஸ்தானி இசையாசிரியர்கள் 'மார்வா தாட்' என்னும் பிரிவில் வைக்கின்றனர். தாட் என்பது நம் மேளகர்த்தாவைப் போன்ற ஒரு பகுப்பு. இதை வகுத்தவர் பம்பாயைச் சேர்ந்த பண்டித விஷ்ணு நாராயண் பாத்கண்டே. 1860-இல் பிறந்து 1936-இல் மறைந்தவர். வழக்குரைஞராக இருந்து, பின் இசையாராய்ச்சிக்கே வாழ்நாளைக் கொடுத்தவர். இவர் 1904-ஆம் ஆண்டில் தென்னகத்திற்கு வந்தார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தார். 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி எழுதிய 'சதுர்தண்டிப் பிரகாசிகை'யும், அதில் உள்ள 72 மேளங்களின் கணக்கும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. வடக்கே இராகங்களை ஆண் இராகம், பெண் இராகம், பிள்ளை இராகம் என்று குடும்பமாகப் பிரித்து வைத்திருந்த பழைய முறை நடைமுறைக்கு உதவவில்லை என்று கண்டவர் அவர். 72 மேளங்களிலிருந்து, வடக்கே வழக்கில் உள்ள இராகங்களுக்குத் தேவையான பத்தை மட்டும் தேர்ந்து, பத்துத் தாட்டுகளாக அமைத்தார். நம் சங்கராபரணம் அங்கே பிலாவல்; கல்யாணி அங்கே கல்யாண்; மாயாமாளவகௌளை அங்கே பைரவ். 53-ஆம் மேளமாகிய கமனசிரமம்தான் அங்கே மார்வா தாட்.

பாத்கண்டேயின் உழைப்பு மிகப் பெரியது. ஆனால் இந்தப் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. தாட் என்றால் ஏழு சுரமும் இருக்கவேண்டும். மார்வா இராகத்திலோ பஞ்சமமே இல்லை. ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 'எழுவர் இல்லம்' என்று பெயர் வைத்ததுபோல, தன்னிடம் இல்லாத ஒரு சுரத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரு பிரிவுக்கே இந்த இராகம் பெயர் தந்துவிட்டது. இராகத்தைக் கணக்குக்குள் அடக்கப் போனால் எங்கோ ஓரிடத்தில் இப்படி ஒரு நூல் பிரியத்தான் செய்கிறது. இன்னொன்றும் பிரியும், அதைப் பிறகு பார்ப்போம்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். பாடியவர் எந்த வீட்டில் தங்கினார்?

இந்துஸ்தானி இசையில் ஒவ்வோர் இராகத்திற்கும் வாதி, சம்வாதி என இரண்டு முதன்மைச் சுரங்களைச் சொல்கிறார்கள். வாதி அரசன், சம்வாதி அமைச்சன், அனுவாதி ஏவலர், விவாதி பகைவன் என்று பழைய வடமொழி நூல்கள் உவமை கூறும். நம் பழந்தமிழ் இசை நூலாரும் சுரங்களுக்கிடையே உள்ள உறவை இணை, கிளை, பகை, நட்பு என்று வகுத்தவர்களே. பாடுபவர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் சுரம் வாதி. அதற்குத் துணைநின்று பதில் சொல்லும் சுரம் சம்வாதி. இவ்விரண்டுக்கும் இடையே சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள இடைவெளியோ, சட்சத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் உள்ள இடைவெளியோ இருக்கவேண்டும் என்பது இலக்கணம். ஏனென்றால் அந்த இடைவெளிகளில்தான் இரண்டு சுரங்கள் ஒன்றோடொன்று இழைந்து ஒலிக்கும். கட்டைக் கணக்கில் சொன்னால், சட்சத்திலிருந்து பஞ்சமம் ஏழு கட்டை தள்ளி இருக்கிறது.

முதலில் சோஹினியை எடுத்துக்கொள்வோம். மூன்றில் இதுவே எளிதில் அடையாளம் காணக்கூடியது. இதற்குத் தைவதம் வாதி, காந்தாரம் சம்வாதி. பத்தாம் கட்டையிலிருந்து ஏழு கட்டை எண்ணிப் பாருங்கள், பதினேழு வரும்; அது மேல் ஸ்தாயிக் காந்தாரம். இலக்கணம் பொருந்துகிறது. சோஹினி மேலேயே வாழும் இராகம். மேல் சட்சம்தான் அதன் வீடு. அங்கிருந்து நிஷாதம், தைவதம் என்று சற்றே இறங்கிவரும். காந்தாரம் வரை வந்து எட்டிப் பார்க்கும். உடனே மத்தியமம், தைவதம், நிஷாதம் என்று ஏறி மறுபடியும் மேல் சட்சத்துக்கே ஓடிவிடும். ஏறும்போது ரிஷபத்தை விட்டுவிடுவது வழக்கம். கீழ் ஸ்தாயியில் இதற்கு வேலை குறைவு. ஆகையால் இதை மணிக்கணக்கில் விரித்துப் பாடுவது அரிது. விரைந்த காலத்தில் ஒரு கயாலோ ஒரு தும்ரியோ பாடி, கேட்பவர் நெஞ்சில் ஒரு கீறல் போட்டுவிட்டுப் போவதே இதன் இயல்பு.

சோஹினியை நம் நேயர்கள் பலர் தெரியாமலே கேட்டிருப்பார்கள். 1957-இல் வெளிவந்த 'மணாளனே மங்கையின் பாக்கியம்' படத்தில் கண்டசாலாவும் பி. சுசீலாவும் பாடிய 'தேசுலாவுதே' என்னும் இராகமாலிகையின் தொடக்கப் பகுதி இந்த இராகம்தான். இசையமைத்தவர் ஆதிநாராயணராவ். பிறகு 1960-இல் வந்த 'மொகலே ஆஸம்' இந்திப் படம். அக்பர் அவையின் தான்சேன் பாடுவதாக வரும் இரவுக் காட்சிக்காக, இசையமைப்பாளர் நௌஷாத் அவர்களும் இயக்குநர் கே. ஆசிப் அவர்களும் பட்டியாலா மரபின் பேரறிஞர் படே குலாம் அலிகானை அணுகினார்கள். அவருக்குத் திரைப்படத்தில் பாட விருப்பமில்லை. வந்தவர்களை அனுப்பிவிடுவதற்காகவே, ஒரு பாட்டுக்கு 25,000 ரூபாய் என்று சொன்னாராம். பின்னணிப் பாடகர்கள் ஒரு பாட்டுக்குச் சில நூறு ரூபாய் பெற்ற காலம் அது. ஆசிப் அந்தத் தொகைக்கே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று திரையுலகில் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, சோஹினியில் அந்தப் பாட்டு நமக்குக் கிடைத்தது. ஓர் இராகம் மேல் சட்சத்தில் குடியிருப்பது என்றால் என்ன பொருள் என்று கேட்பவருக்கு, விளக்கம் சொல்வதைவிட அந்தக் குரலைக் கேட்கச் சொல்வதே சுருக்கமான வழி.

பூரியா இதற்கு நேர் எதிர். இதற்குக் காந்தாரம் வாதி, நிஷாதம் சம்வாதி. ஐந்தும் ஏழும் பன்னிரண்டு. இங்கும் கணக்குப் பொருந்துகிறது. சோஹினி மேலே பறக்கிறது என்றால், பூரியா கீழே அமர்கிறது. மந்தர ஸ்தாயி நிஷாதத்தில் தொடங்கி, ரிஷபத்தை வெறுமே தொட்டுச் சட்சத்துக்கு வந்து, பிறகு காந்தாரத்தில் நிதானமாகத் தங்கும். நிஷாதத்திலிருந்து மத்தியமத்துக்குத் தாவும் பிடி ஒன்று இதற்கே உரியது. இந்த இராகத்தில் ரிஷபமும் தைவதமும் வழிப்போக்கர்கள். வாசலில் நிற்கலாம், உள்ளே வந்து உட்காரக்கூடாது. அவை உட்கார்ந்துவிட்டால் பூரியா கெட்டு, மார்வா வந்துவிடும். பாடகரின் கவனம் முழுவதும் இந்த ஒரு காவலில்தான் இருக்கும். பூரியா தனாஸ்ரீ என்று வேறோர் இராகம் உண்டு. பெயர் ஒற்றுமையைக் கண்டு மயங்கவேண்டாம். அதில் பஞ்சமம் உண்டு, தைவதம் கோமளம். அது நம் பந்துவராளியின் பக்கத்தைச் சேர்ந்தது.

இப்போது மார்வா. உண்மையைச் சொன்னால், நாம் இன்று பேச வந்ததே இந்த இராகத்திற்காகத்தான்.

மார்வாவிற்கு ரிஷபம் வாதி, தைவதம் சம்வாதி. தைவதமே வாதி என்பாரும் உண்டு. எதுவானாலும் ஆட்சி இந்த இரண்டிடம்தான் இருக்கிறது. பூரியாவில் வாசலில் நின்ற இருவரும் இங்கே நடுக்கூடத்தில் வந்து அமர்ந்துவிடுகிறார்கள். தைவதம், மத்தியமம், காந்தாரம் என்று இறங்கிவந்து ரிஷபத்தில் நிற்பது மார்வாவின் தலையான பிடி. மந்தர ஸ்தாயியில் நிஷாதத்தைச் சற்றே தொட்டுத் தைவதத்தில் போய் நீண்டு நிற்பது இன்னொன்று.

இப்போது கணக்கைப் பாருங்கள். ரிஷபம் இரண்டாம் கட்டை. அதிலிருந்து ஏழு எண்ணினால் ஒன்பது வரவேண்டும். ஆனால் மார்வாவின் தைவதமோ பத்தாம் கட்டை. ஒரு கட்டை தவறிவிட்டது! வாதியும் சம்வாதியும் இழைந்து ஒலிக்கவேண்டும் என்னும் இலக்கணம் இங்கே நிற்கவில்லை. பிரியும் இன்னொரு நூல் என்று சற்று முன்பு சொன்னோமே, அது இதுதான். பாத்கண்டேயின் முறையில் குறை காண்பவர்கள் இதை ஓர் ஓட்டையாகக் காட்டுவார்கள். நம் எண்ணம் வேறு. இலக்கணம் பொருந்தாத அந்த இடம்தான் மார்வாவின் உயிர். அரசனும் அமைச்சனும் ஒத்துப்போகாத நாட்டில் அமைதி எப்படி இருக்கும்? மார்வாவைக் கேட்கும்போது நமக்கு ஏற்படும் இருப்புக்கொள்ளாத தவிப்பு, பாடகர் வேண்டுமென்று சேர்க்கும் உணர்ச்சி அன்று. அது கட்டைகளின் இடைவெளியிலேயே இருக்கிறது.

அது மட்டுமன்று. மார்வாவில் சட்சமே ஒதுங்கி நிற்கிறது. எல்லா இராகங்களுக்கும் தாய்வீடான சட்சத்தை, மார்வா பாடுபவர் கூடியவரை தள்ளிப்போடுவார். ரிஷபத்தில் வந்து நிற்பார்; அடுத்த கட்டைதான் சட்சம்; இதோ வரப்போகிறார் என்று நாம் காத்திருப்போம். வரமாட்டார். சட்சத்தைத் தாண்டிக் கீழே தைவதத்துக்குப் போய்விடுவார். வீட்டு வாசல் வரை வந்தவர் கதவைத் தட்டாமல் அடுத்த தெருவுக்குப் போவதுபோல் இருக்கும். பல சுற்றுகளுக்குப் பிறகு எப்போதோ ஒருமுறை சட்சத்தைத் தொடுவார். அந்த ஒரு கணத்துக்காகவே மார்வாவைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிச் சட்சத்தை விலக்குவதால் விளையும் ஒரு விந்தையை நேயர்கள் கட்டாயம் அறியவேண்டும். நம் இசையில் கிரகபேதம் என்று ஒன்று உண்டு. ஓர் இராகத்தின் வேறொரு சுரத்தைச் சட்சமாகக் கொண்டு அதே சுரங்களைப் பாடினால் இன்னோர் இராகம் பிறக்கும். பழந்தமிழர் இதனைப் பண்ணுப் பெயர்த்தல் என்றனர். மார்வாவிலிருந்து சட்சத்தை நீக்கிவிடுங்கள். எஞ்சுபவை தைவதம், நிஷாதம், ரிஷபம், காந்தாரம், மத்தியமம் என ஐந்து. தைவதத்தைச் சட்சமாக வைத்துக்கொண்டு அவற்றை வரிசையாக வாசியுங்கள். கட்டைகள் 10, 12, 14, 17, 19. என்ன இராகம் கேட்கிறது? நம் மோகனம்!

ஆம், வட இந்தியர் பூப், பூபாலி என்று வழங்கும் அதே மோகனம். முல்லை நிலத்துப் பண் என்று ஆய்வாளர் பலர் அடையாளம் காட்டும் அந்த இனிய இராகம், மார்வாவின் வயிற்றுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. இதில்தான் சூழ்ச்சுமம் இருக்கிறது. மார்வாவில் தைவதத்திலும் ரிஷபத்திலும் நெடுநேரம் தங்கினால், கேட்பவரின் காது மெல்லமெல்லத் தைவதத்தையே சட்சம் என்று நம்பத் தொடங்கிவிடும். தைவதத்திலிருந்து மேல் ரிஷபம் நான்கு கட்டை; சட்சத்திலிருந்து மோகனத்தின் காந்தாரமும் நான்கு கட்டைதான். ஆகையால் காது அங்கே ஒரு புது வீட்டைக் கட்டிக்கொள்கிறது. ஆனால் பின்னால் தம்புரா, 'உன் வீடு அதுவன்று, இதுதான்' என்று உண்மையான சட்சத்தை ஒலித்துக்கொண்டே இருக்கிறது. காதுக்கு இரண்டு வீடுகள். எதிலும் முழுதாகக் குடியிருக்க முடியவில்லை. பாடகர் இறுதியில் சட்சத்துக்கு வரும்போது, வீடு திரும்பிய நிம்மதியும் அயலூரில் இறங்கிய திகைப்பும் ஒருங்கே தோன்றும்.

தம்புராவைப் பற்றி ஒரு சொல். வழக்கமாகத் தம்புராவின் முதல் தந்தியைப் பஞ்சமத்தில் சேர்ப்பார்கள். பஞ்சமம் இல்லாத இராகங்களுக்குச் சுத்த மத்தியமத்தில் சேர்ப்பதுண்டு. இந்த மூன்று இராகங்களிலோ பஞ்சமமும் இல்லை, சுத்த மத்தியமமும் இல்லை. ஆகவே நிஷாதத்தில் சேர்க்கிறார்கள். மார்வாவிற்குத் தைவதத்தில் சேர்ப்பவர்களும் உண்டு. கச்சேரி தொடங்குமுன் தம்புராவின் முதல் தந்தி எதை ஒலிக்கிறது என்று கவனித்தாலே, என்ன வரப்போகிறது என்று பாதி தெரிந்துவிடும்.

அடுத்து, நேரம். இராகங்களுக்குப் பொழுது வகுப்பது நமக்குப் புதிதன்று. தேவாரப் பண்களைப் பகற்பண், இராப்பண், பொதுப்பண் என்று ஓதுவார் மரபில் பிரித்துள்ளனர். தென்னகக் கச்சேரி மேடையில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. வடக்கே பெரிதும் காக்கப்படுகிறது. ஒரு நாளை மூன்று மணி நேரம் கொண்ட எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய இராகங்களைச் சொல்வார்கள். பகலும் இரவும் சந்திக்கும் இரு வேளைகளுக்கு உரியவை சந்திப் பிரகாச இராகங்கள். கோமள ரிஷபமும், நாம் அந்தர காந்தாரம் என்று சொல்லும் காந்தாரமும் ஒருங்கே வருவது இவற்றின் அடையாளம். சந்தி காலையா மாலையா என்பதை மத்தியமம் காட்டிக்கொடுக்கும். சுத்த மத்தியமமானால் பெரும்பாலும் காலை, பைரவ் அப்படிப்பட்டது. தீவிர மத்தியமமானால் மாலை. மார்வா சூரியன் மறையும் வேளைக்கு உரியது. பூரியா அதன்பின் இருள் சூழ்ந்த முதல் யாமத்துக்கு. ஆனால் அதே சுரங்களைக் கொண்ட சோஹினியோ இரவின் கடைசி யாமத்துக்கு உரியது. விடியலுக்கு முன் பாடவேண்டியது.

இது ஏன்? இதற்கும் ஒரு விதி சொல்கிறார்கள். வாதி சுரம் ஸ்தாயியின் கீழ்ப்பாதியில் இருந்தால் அந்த இராகம் நண்பகலிலிருந்து நள்ளிரவு வரையிலான பொழுதுக்கு. மேற்பாதியில் இருந்தால் நள்ளிரவிலிருந்து நண்பகல் வரையிலான பொழுதுக்கு. பூரியாவின் காந்தாரம் கீழ்ப்பாதி, சோஹினியின் தைவதம் மேற்பாதி. விதி பொருந்துகிறது. விதியை விட்டுவிட்டுக் காதால் கேட்டாலும், தூக்கம் கலைந்த பின்னிரவில் உயரே ஒலிக்கும் ஒரு குரலின் இயல்பு சோஹினிக்கு உண்டு என்பதை மறுக்கமுடியவில்லை. ஆனால் பின்னிரவு வரை நீளும் கச்சேரிகள் அருகிவிட்டன. அரங்குகள் இரவு பத்து மணிக்கெல்லாம் பூட்டப்படுகின்றன. ஆகவே விடியற்கால இராகங்கள் மேடையில் கேட்பதே அரிதாகி, இசைத்தட்டுகளிலும் ஒலிப்பதிவுகளிலும் தங்கிவிட்டன. இது நமக்கு வருத்தம் தரும் செய்தி. மார்வாவுக்கு அந்தக் குறை இல்லை. மாலைக் கச்சேரி அதற்குப் பொருந்தும். ஆயினும் மார்வாவை விரிவாகப் பாடத் துணிபவர்கள் சிலரே. சட்சத்தில் இளைப்பாற முடியாத இராகத்தில் ஒரு மணி நேரம் நிற்பது எளிதா?

அப்படித் துணிந்தவர்களுள் தலையாயவராக நாம் கருதுவது இந்தூர் உஸ்தாத் அமீர்கான் அவர்களை. 1912-இல் பிறந்தவர், 1974-இல் கல்கத்தாவில் நேர்ந்த கார் விபத்தில் மறைந்தவர். ஒரு பக்கம் மார்வாவும் மறுபக்கம் தர்பாரியுமாக வெளிவந்த அவருடைய நீண்ட இசைத்தட்டு, இந்துஸ்தானி இசை கேட்பவர்கள் வீட்டில் பொக்கிஷமாக வைத்திருந்த ஒன்று. அவர் மிக மிக மெதுவான காலத்தில் பாடுவார். குரலை உயர்த்தி வித்தை காட்டுவதில்லை. மார்வாவின் தவிப்பை அழுகையாக்கிப் பாடுபவர்கள் உண்டு. வேகமாக்கி விரட்டுபவர்களும் உண்டு. அவரோ ரிஷபத்தில் அப்படியே நிற்கிறார். நமக்குத்தான் தவிப்பு, அவருக்கு இல்லை. இதைக் கேட்ட பிறகு நாம் மற்றவர்களின் மார்வாவைக் கேட்கும்போது, ஏன் இத்தனை அவசரம் என்றே தோன்றுகிறது. இது நம் சொந்த விருப்பம். எல்லோரும் ஒப்பவேண்டும் என்பதில்லை. அன்று குஜராத்திப் பெரியவர் முதலில் சுழலவிட்டதும் இந்தத் தட்டுதான். நாங்கள் அதைக் கால் பங்குகூடக் கேட்காமல் ஹம்சாநந்தி என்று பெயர் சூட்டிவிட்டிருந்தோம்!

ஹம்சாநந்தியைக் குறைத்துச் சொல்வதாக நேயர்கள் நினைக்கவேண்டாம். அந்த ஆறு சுரங்களையும் ஏறவும் இறங்கவும் வரிசையாகப் பயன்படுத்தி, கமகங்களோடு தனக்கென ஓர் உருவம் கொண்ட இராகம் அது. சோஹினியின் மேல்தாயி வீச்சும் அதில் உண்டு, பூரியாவின் சாயலும் உண்டு. மார்வாவின் சாயல்தான் அதில் மிகக் குறைவு. ஏனெனில் நம் பாடகர்கள் சட்சத்தைக் கைவிடுவதில்லை.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் சோஹினியில் தொடங்குங்கள், பிறகு பூரியா, மார்வாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கண்டுபிடிக்க முயலவேண்டாம். குரல் எங்கே நிற்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

ஆர்மோனியம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சிறு சோதனை. ஒரு விரலால் சட்சத்தை விடாமல் அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் 10, 12, 14, 17, 19 என்னும் கட்டைகளை முன்னும் பின்னும் வாசியுங்கள். மார்வா கேட்கும். பிறகு சட்சத்தை அழுத்திய விரலை எடுத்துவிட்டு, அதே கட்டைகளை அதே வரிசையில் வாசியுங்கள். நாங்கள் இதைச் செய்து பார்த்த அன்று, விரலை எடுத்த சிறிது நேரத்துக்கெல்லாம் அடுத்த அறையிலிருந்து நண்பரின் தாயார் மோகனத்தில் ஒரு பாட்டை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். விரலைத் திரும்ப வைத்தோம். பாட்டு நின்றுவிட்டது. "என்ன ஆயிற்று, ஏன் இப்படி வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே அவர் கூடத்துக்கு வந்தார்.